நடந்து வரும் ரோடு யார் உபயம்?

தை மாதம், செவ்வாய் இரவு

அண்ணன் சொன்னது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் நூல் மில் வாசலில் இன்று அன்னதானம். பந்தல் முகப்பில் நானும் அண்ணனும் கைகூப்பி நிற்கும் பேனர். சாம்பார் வாளியோடு நின்ற அண்ணனிடம், இனி பில் இல்லாமல் நூல் விற்கச் சம்மதிக்க மாட்டேன், வரியை முழுசாகக் கட்டுவோம் என்றேன்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? வரி கட்டுனா எவன் நம்மளக் கும்புடுவான்? இங்க பாரு, இம்புட்டுச் சனமும் வயிறார வாழ்த்திட்டுப் போகுது."

"அவுக நடந்து வார ரோடு யாரு உபயம்ண்ணே?"

வாளியை நங்கென்று வைத்தான். "பொம்பளைக்கு என்னத்தத் தெரியும் யாவாரம்?" என்றான்.

மில்லில் பாதி என் பெயரில் இருப்பது அவனுக்கு அப்பப்ப மறந்துவிடும். சாப்பிட்டவர்கள் கைகழுவிவிட்டு அதே ரோட்டில் இறங்கி நடந்தார்கள். அந்த ரோட்டில் யார் படமும் இல்லை.

காலையில் ஆடிட்டரிடம் நானே பேசப்போகிறேன். அண்ணன் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் போகட்டும். பந்தலைவிட்டுக் கிளம்பும்போதே பேனரில் என் படத்தை வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது அங்கே அவன் மட்டும் தனியாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான்.