பார்வைப் பதிவேடு

ஜனவரி 9

என் செல்லச் சின்னவளே,

உன் பிறப்புப் பதிவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை நன்றாகக் காய்ந்த பிறகுதான் மடித்தேன். உன் கண்ணாடிக் கடை முதலாளி இதைப் பார்த்தாவது உன்னை நிரந்தரமாக்குவாரா, இல்லை இன்னொரு காகிதம் கேட்பாரா? ஆறு வருஷமாக லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவளிடம் பிறந்ததற்குச் சான்று கேட்கிறார். பிறக்காமலா வேலைக்கு வந்தாய்?

ஒரு குறை. மூன்று மாதம் கழித்து எழுதுகிறாய், அதிலும் முக்கால்வாசி நகல் விஷயம். அக்கா என்று ஒருத்தி இருப்பது காகிதம் வேண்டும்போதுதான் உனக்கு ஞாபகம் வருகிறது. போகட்டும்.

பதிவறை அப்படியேதான் இருக்கிறது. இந்த ஊரில் யார் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், யார் போய்ச் சேர்ந்தார், எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், எல்லாம் என் அலமாரிகளில் தூங்குகின்றன. மனு எழுதிக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் எதையும் பார்க்கலாம், சட்டம் அப்படி. ஆனால் யார் வருகிறார்கள்? யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எதற்காக, நகல் எந்த இடத்துக்குப் போனது என்று எழுதப் பார்வைப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறேனே, அதில் போன மாதம் முழுக்க நான்கே வரி. மேலாளர் நான் நீட்டுவதில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிறார். நான் அப்படி இல்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விட்டதில்லை. உன் நகலுக்கும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, அடியில் கோடு போட்டு முடித்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைப் பார்த்துக்கொள். ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்பவள் தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டால் சிரிப்பார்கள்.

உன் அக்கா

ஜனவரி 21

அன்பு அக்காவுக்கு,

நிரந்தரமாகிவிட்டேன்! முதலாளி நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, "உனக்கு இவ்ளோ வயசா?" என்று கேட்டார். வேலை நிரந்தரம், மானம் போச்சு.

அடிக்கடி எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் கடிதம் போட மூன்று தெரு தள்ளியிருக்கும் தபால் பெட்டிக்கு நடக்கிறேன். கடையில் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருகிறேன். இடது கைச் சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை, லென்ஸைத் திருப்பும்போது அது மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

மரக்கடைக்காரர் என்னை மறந்திருப்பார் என்று முன்பெல்லாம் எழுதுவாய். நீ அவரைக் கல்யாணத்தன்று பார்த்தவள். நான் மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவள். "நீ எந்த ஊருக்கு ஓடினாலும் தேடிப் பிடிச்சிருவேன்" என்று அவர் சொன்னது கோபத்தில் இல்லை அக்கா. விரலை உடைத்த மறுநாள், நான் பரிமாற, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நடுவில் உப்புப் போதவில்லை என்றும் சொன்னார்.

சரி, நல்ல நாளில் எதற்கு அந்தப் பேச்சு. எனக்காக நீயும் இன்று இனிப்பு ஏதாவது வாங்கிச் சாப்பிடு.

உன் சின்னவள்

பிப்ரவரி 11

செல்லமே,

எனக்கு ஒரு வாசகர் கிடைத்துவிட்டார்!

பத்து நாளாக ஒருவர் பதிவறைக்கு வருகிறார். ஐம்பது வயதிருக்கும். மழைத்தண்ணீர் பட்டால்கூட மன்னிப்புக் கேட்பார் போலிருக்கிறது, அவ்வளவு மரியாதை. "இந்த ஊர்க் குடும்பங்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதுறேம்மா" என்றார். ஒரு குட்டைப் பென்சிலில் நூல் கட்டிச் சட்டைப் பொத்தானில் மாட்டியிருக்கிறார். எழுதாத நேரத்தில் அது தொப்பைமேல் ஊஞ்சலாடும். நிமிஷத்துக்கொரு தரம் சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். நான் மனசுக்குள் பென்சில்காரர் என்று பேர் வைத்துவிட்டேன். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புவதில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

முதலில் நம் தெருவின் வீட்டுப் பதிவுகளைக் கேட்டார். பிறகு பள்ளிக்கூடச் சேர்க்கை ஏடு. இப்போது கல்யாணப் பதிவுகளில் இருக்கிறார். வேடிக்கை என்ன தெரியுமா? எதிர்வீட்டைக் கேட்டார், பக்கத்து வீட்டைக் கேட்டார், நம் வீட்டை மட்டும் கேட்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. நாம் என்ன அவ்வளவு மட்டமான குடும்பமா?

உன் அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

அவர் எந்த வருஷத்துக் கல்யாணங்களைக் கேட்டார்? எந்த வருஷத்துப் பள்ளிச் சேர்க்கை? உனக்குத்தான் எல்லாம் எழுதியிருக்குமே, பார்த்துச் சொல்.

சுற்றி இருக்கிற வீட்டையெல்லாம் கேட்டு நம்மை மட்டும் விட்டவர், சோற்றில் கல்லைப் பார்த்து ஒதுக்குவது மாதிரி பார்த்துத்தான் ஒதுக்கியிருக்கிறார். எனக்கு மனசு சரியில்லை. என் பக்கத்தை அவரிடம் எடுத்துக் கொடுக்காதே. பூச்சி அரித்துவிட்டது என்று சொல்.

சின்னவள்

பிப்ரவரி 27

அடி அசடே,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆமாம், உன் கல்யாண வருஷம்தான். நீ பள்ளியில் சேர்ந்த வருஷமும்தான். அந்த வருஷங்களில் ஊரில் வேறு யாருக்கும் கல்யாணம் நடக்கவில்லையா, வேறு யாரும் படிக்கவில்லையா? உன் பிறப்புப் பக்கத்தை அவர் தொடவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்துத்தான் இருப்பேன், பூச்சி அரித்ததாகப் பொய் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் கேட்கவில்லை. போதுமா?

உன்னிடம் பெருமையடித்துக்கொள்ள வேறொரு விஷயம் இருக்கிறது. போன வாரம் அவர், "பார்வைப் பதிவேடும் பொது ஆவணந்தானேம்மா? அதையும் பாக்கலாமா?" என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். யோசித்தால் ஆமாம், அதுவும் பொது ஆவணம்தான். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்! தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொரு வரியாக நான்கு நாள் படித்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா. ஒரு கட்டத்தக்கூட விடலியே நீங்க!" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆபீசில் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசியில் ஒரே ஒரு வரியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, கை கூப்பிவிட்டுக் கிளம்பிவிட்டார். புத்தகத்துக்கு அது போதுமாம். எந்த வரி என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அது நாகரிகமில்லை.

உன் அக்கா

மார்ச் 6

அக்கா,

உன்னிடம் ஒரே கேள்வி. நகல் போன இடத்துக்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாயே, அதில் எனக்கு என்ன எழுதினாய்?

நேற்று மதியம் ஒருவர் கடைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியின் திருகாணி தளர்ந்துவிட்டதாம். சட்டைப் பொத்தானில் நூல் கட்டிய குட்டைப் பென்சில். வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே வாங்கினேன். சட்டை நுனியால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

திருகாணி என் கையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. அவர் அவசரப்படவில்லை. என் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரலுக்கு என்னம்மா ஆச்சு?" என்றார். "கதவுல மாட்டிக்கிச்சு" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

சின்னவள்

மார்ச் 10

கண்ணே,

ஊர்ப் பெயரை எழுதினேன். கடைப் பெயரை எழுதினேன். தெருவும் கதவு எண்ணும் எழுதினேன். கட்டம் இருந்தது, நிரப்பினேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

இன்று எடுத்துப் பார்த்தேன். உன் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு சின்னப் பென்சில் புள்ளி.

இது கைக்குக் கிடைத்த உடனே கிளம்பு. யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம். எங்கே போகிறாய் என்று எனக்குக்கூடச் சொல்லாதே.

உன் கல்யாணப் பதிவையும் நான்தான் எழுதினேன், ஞாபகமிருக்கிறதா? நல்ல இடம், நல்ல இடம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் நான்தான். இரண்டு தடவையும் எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

அக்கா

மார்ச் 19

அக்கா,

உன் கடிதம் வந்த மதியமே கிளம்பிவிட்டேன். கடைக்கு எதிரே காலையிலிருந்து ஒரு மர லாரி நின்றிருந்தது. மரக்கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் இறங்குவார், அவர் பழக்கம் எனக்குத் தெரியும். லென்ஸ் தேய்க்கும் அறைக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு. அந்தச் சாப்பாட்டு நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம்.

சொல்லாதே என்றாய். ஆனால் உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? முகவரியைத் தனித் துண்டில் எழுதியிருக்கிறேன். படித்ததும் எரித்துவிடு. எதிலும் எழுதாதே. எதிலும், அக்கா. உன்னால் முடியுமா?

உன்மேல் கோபமாக இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். இறங்கியதும் மனசு உன்னைத்தான் தேடியது.

இங்கே ஒரு சலவைக்கடையில் வேலை கேட்டிருக்கிறேன். பிறப்புச் சான்று கேட்கிறார்கள். நகலைக் கண்ணாடிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சின்னவள்

மார்ச் 30

என் உயிரே,

நகல் அனுப்ப முடியாது. இனி ஒருபோதும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பென்சில்காரர் திரும்பி வந்தார். அதே மரியாதை, அதே கும்பிடு. "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் உங்கள விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாரும்மா" என்றார். இரண்டு மாதத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை. பிறகு பார்வைப் பதிவேட்டைக் கேட்டு, கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். புதிதாக நகல் எதுவும் போகவில்லை. "பரவால்லம்மா. நான் தினமும் வரேன். எந்த ஊர்ல வேல கேட்டாலும் காகிதம் கேப்பாங்க. என்னிக்காவது ஒரு வரி விழும்ல?" என்றார்.

அவர் சொன்னது சரி. உன் பக்கம் திறந்திருக்கும்வரை அவர் காத்திருப்பார். அதனால் அதை மூடிவிட்டேன்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இறப்புப் பதிவேட்டை எடுத்தேன். உன் பெயர். மார்ச் 24. இடம், என் வீடு. காரணம், காய்ச்சல். தகவல் சொன்னவர், உடன்பிறந்த அக்கா. மேலாளர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மையால் நான் எழுதிய முதல் பொய். அதையும் முத்து முத்தாகத்தான் எழுதினேன். உன் பிறப்புப் பக்கத்தின் ஓரத்தில் இறந்தவர் என்று எழுதும்போதுதான் உடைந்துபோனேன். நீ உயிரோடிருக்கிறாய் என்று தெரிந்தும் மேஜைமேல் தலையை வைத்து அழுதேன்.

அவர் வந்ததும் நானே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப வருத்தம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் வரவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று காலை புதிய மனுவோடு வந்திருக்கிறார். வீட்டுப் பதிவேடு. என் கதவு எண் இருக்கும் பக்கம். "இறந்த எடத்தையும் ஒரு எட்டு பாத்துட்டு, அக்கம்பக்கத்துல ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிடறேன்" என்றார். சட்டப்படி மறுக்க முடியாது. எடுத்துக் கொடுத்துவிட்டு, பார்வைப் பதிவேட்டில் எழுதினேன்: யார், எந்தப் பக்கம், எதற்காக. இப்போது எதிர் மேஜையில்தான் இருக்கிறார். நான் ஆபீஸ் கடிதம் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், என் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை என்று தெரிந்துவிடும். அதன் பிறகு அவர்கள் என்னிடம்தான் வருவார்கள். வரட்டும். உன் முகவரித் துண்டை எரித்துவிட்டேன். உன் கடிதங்களையும் எரித்துவிட்டேன், ஜனவரிக் கடிதத்தை மட்டும் இன்னொரு தரம் படித்துவிட்டு. இந்த உறையை ஒட்டிய பிறகு நீ இருக்கும் இடம் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். அங்கே வந்து பார்க்க அவரிடம் மனு இல்லை.

சான்று கேட்காத இடமாகப் பார்த்து வேலை தேடு. அந்தப் பெயரை இனி எங்கும் சொல்லாதே. எனக்கு எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதே. என்னைப் பற்றி ஏதாவது சேதி உன் காதில் விழுந்தாலும் வந்துவிடாதே. செத்தவள் எப்படியடி வருவாய்?

உனக்கு நல்லது செய்வதாக நினைத்து நான் எழுதியதெல்லாம் உனக்குக் கெடுதலாகவே முடிந்தது. இந்த ஒரு பொய்யாவது உன்னைக் காப்பாற்றட்டும். நீ நன்றாக இரு. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரும் ஒரு நாள் உனக்கு வரட்டும்.

அவர் ஏட்டை மூடிவிட்டார். பென்சிலைத் தொப்பைமேல் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்திருக்கிறார். கீழே பெயர் போடும் இடத்தை வெறுமையாக விடுகிறேன்.