எண்பதா, அறுபதா

மறுபடியும் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் எத்தனை டிரெய்லர் நிற்கிறது என்று எண்ணுவதை விட்டுப் பல வருஷமாகிறது. கண்டெய்னரின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. வலது கால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவே காரணமில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. இந்த நேரம் பார்த்துத் திருவொற்றியூர்க் கடற்கரைப் பக்கமிருந்து காற்று திரும்பி, ரெசின் வாடையைக் கொண்டுவந்து முகத்தில் அடித்துவிட்டது. எவனோ ஃபைபர் படகுக்கு அடிப்பாகம் ஒட்டுகிறான். மூக்கைச் சுடும் அந்த வாடை வந்தால் அடுத்து உன் குரல் வர வேண்டும். அத்தனை வருஷப் பழக்கம். நீ செத்துப்போனது என் மூக்குக்கு இன்னும் தெரியவில்லை.

இப்படி ஒரு வரிசையில்தானே உன்னைப் பிடித்தேன். காசிமேட்டில், உன் படகுப் பட்டறைக்கு நேர் எதிரே என் வண்டி அசையாமல் நின்றுவிட்டது. உட்கார முடியாமல் இறங்கினேன், நடந்தேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். நீ கவிழ்த்துப் போட்ட படகின் மேல் பிரஷ்ஷோடு உட்கார்ந்து அத்தனையையும் வேடிக்கை பார்த்திருக்கிறாய்.

"இன்னா மாமு, வண்டிக்குள்ள பேய் கீதா? ஏறி ஏறி எறங்கிகினு கீறே. வா, வந்து இந்த ரெசின் மக்க புடி."

பிடித்தேன். வரிசை நகர்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தே என்னைக் கொன்றார்கள். அன்றிலிருந்து காசிமேட்டுப் பக்கம் வரிசை நின்றால் எனக்கு எரிச்சல் கொஞ்சம் குறையும்.

அப்பா டாக்ஸியாக ஓட்டிய பழைய அம்பாசடர் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் மக்கிக்கொண்டிருந்தது. கதவைத் தொட்டால் துரு கையோடு வந்தது. காயலான் கடைக்காரனை வரச் சொல்லிவிட்டேன் என்று உன்னிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். நீ ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, அதே வெள்ளைச் சட்டையோடு நேராக என் வாசலுக்கு வந்து, "ஸ்டார்ட் பண்ணு" என்றாய். நாலைந்து முறை இருமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது. நீ தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

"உசுரு கெட்டியா கீது மாமு. ஒடம்புதான் பூட்ச்சி. வேற ஒடம்பு நான் செஞ்சி தரேன்."

"என்ன உடம்பு?"

"நீ எப்பப் பாத்தாலும் எங்கியோ ஓடத் துடிக்கிறா மாரியே கீறே. ஓடறதுக்குன்னே ஒரு வண்டி. ரெண்டு சீட்டு, மேல கூர இல்ல, ரேஸ் வண்டி மாரி தாழ்வா."

உனக்குக் கார் ஓட்டவே தெரியாது என்பது அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் நீ சொன்னது என் வயிற்றுக்குள் கிடந்த ஆசை. துறைமுகத்துக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் வரிசையில் நின்றே தலை நரைத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒருமுறை, எனக்கு முன்னால் எதுவும் நிற்காத பாதையில், காலை முழுசாக அழுத்திப் பார்க்க வேண்டும். அதைத் தவிர நான் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

காதர் பாயின் வெல்டிங் பட்டறையில் அப்பாவின் காரை அறுத்தோம். இஞ்சின், கியர் பெட்டி, பின்பக்க அச்சு, ஸ்டியரிங், பிரேக் எல்லாம் ஒரு பக்கம். துருப்பிடித்த தகரமெல்லாம் காயலான் கடைக்கு. பாய் இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துக் குட்டையாக ஒரு சட்டம் கட்டினார். முன்பாரம் குறையட்டும் என்று இஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி உட்காரவைத்தோம். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை வெட்டிக் குறுக்கினோம். ஸ்டியரிங் பக்கத்திலேயே இருந்த டாக்ஸி கியரை மாற்றத் தெரியாமல் அப்படியே விட்டோம். உலகத்தில் எந்த ரேஸ் வண்டிக்கும் அப்படி ஒரு கியர் இருந்திருக்காது.

உடம்பு உன் பொறுப்பு. நீயும் படகு செய்கிற மாதிரியே செய்தாய். முதலில் ஒட்டுப்பலகையில் அச்சு, அதற்கு மெழுகு, அதன் மேல் ஃபைபர் விரிப்பும் ரெசினும் அடுக்கடுக்காக. நான் டிரிப் முடிந்த கையோடு வந்து நின்று, ஆச்சா ஆச்சா என்று உயிரை வாங்குவேன். ஒருநாள் தொட்டே விட்டேன்.

"காயறதுக்கு முன்னாடி தொட்டா உன் வெரலுதான் அதுல நிக்கும். போய் டீ துன்னு வா" என்றாய். டீயை எப்படித் தின்பது என்று கேட்டதற்கு, "நீ இருக்கற அவசரத்துக்குத் துன்னுதான் ஆவணும்" என்றாய்.

அச்சிலிருந்து பிரித்து எடுத்தபோது பாய் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முன்பக்கம் அலையைக் கிழிக்கிற மாதிரி கூராக இருந்தது. எங்கேயும் ஒரு ஊசி நுழைய இடமில்லை.

"எல்லாம் சரி நைனா. ரேடியேட்டருக்குக் காத்து எங்கேந்து வரும்?" என்றார்.

படகு செய்கிறவனுக்கு ஓட்டை என்பதே கெட்ட வார்த்தை. இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் நீயே வாய் மாதிரி ஒரு துவாரம் அறுத்தாய். அதற்குப் பிறகும் உனக்குப் புத்தி வரவில்லை என்பதை மழை வந்து காட்டியது. உடம்பைச் சட்டத்தில் பூட்டி உன் பட்டறை மணலில் நிறுத்தியிருந்தோம். விடிய விடியக் கொட்டிய மழைக்கு மறுநாள் வந்து பார்த்தால், கார் சீட்டு மட்டத்துக்கு நிரம்பித் தளும்புகிறது. உன் பெண்டாட்டி ஸ்டெல்லா உள்ளே கையை விட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"உன் தோஸ்து செஞ்ச தொட்டி ஒயுகவே இல்லணா" என்றாள்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உனக்குப் பெருமை. "பாத்தியா, ஒரு சொட்டு எறங்கல" என்றாய். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டும் என்று உனக்குப் புரியவைக்க அந்த வாரம் முழுக்க ஆனது. டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு நீ சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். "பொறந்ததுலேந்து மொத தபா என் கையால அடியில ஓட்ட போட்றேன்." போட்டாய். போட்ட கையோடு, மனசு கேளாமல், அந்த ஓட்டைக்குச் சரியாக ஒரு ரப்பர் தக்கை செதுக்கி நூல் கட்டி அடைத்துவிட்டாய். இதைத் திறந்துவைத்தால் எனக்குத் தூக்கம் வராது என்றாய்.

பிறகு ரோடு விவகாரம். ஆர்.டி.ஓ. வாசலில் நாம் விசாரித்த புரோக்கர் காரின் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இத்த ரோட்ல வுட்டா இது வண்டி இல்ல சார், கேஸு." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். நீ மட்டும் அசரவில்லை. ரோட்டில்தானே கூடாது என்றாய். விம்கோ நகரில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் காவலாளி உனக்குப் பழக்கம். உள்ளே, இரண்டு ஷெட்டுக்கு நடுவே, நீளமாகக் கிடந்தது சிமென்ட் தளம். அந்தக் கோடியில் ஒரு சுவர். முன்னால் ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை.

பாயின் டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனோம். என் அவசரத்தில் வேகமானிக்கு வயர் மாட்டவில்லை. முள் செத்துக் கிடந்தது. நீ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "சுக்கான நேரா புடி" என்றாய். கியர் போட்டேன், அழுத்தினேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் கால் எழும்பப் போன நேரம், உன் கை குறுக்கே நீண்டு என் வலது முழங்காலின் மேல் விழுந்து அழுத்தியது.

"எடுக்காத. இன்னும் கீது. மிதி மாமு, மிதி."

சுவருக்குக் கொஞ்சம் முன்னால் எப்படியோ நின்றோம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நீதான் சொன்னாய். அந்த வயதில் அப்படிச் சந்தோஷமாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வண்டி நின்றதுமே சண்டை ஆரம்பித்தது. "எம்பது" என்றாய். மணிக்கு அறுபதுக்கு மேல் போயிருக்காது என்றேன். உன் படகுக் கனத்துக்கு அறுபதே அதிகம் என்றேன். அதற்குப் பிறகு நாம் பேசியதில் பாதி இதுதான். பட்டறையில், டீக்கடையில், பாய் மகள் கல்யாணத்தில் பிரியாணிக்கு நடுவில். "எம்பது." "அறுபது." வயரை மாட்டி இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பேன். பார்க்கலாம் என்பாய். காவலாளிக்கு லீவு, எனக்கு டிரிப், உனக்கு ஆர்டர் என்று தள்ளிப்போனது.

நீ ரெசினைக் கலக்கிவைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்றார்கள். எனக்குச் செய்தி வந்தபோது நான் வரிசையில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் மாட்டியிருந்தேன். வண்டியை அப்படியே விட்டு இறங்கி ஓடிவந்தேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பட்டறையில் மக்கு மட்டும் இருந்தது. அதற்குள் ரெசின் கல்லாகி, பிரஷ் நட்டுக்குத்தலாக நின்றது. ஆஸ்பத்திரிக்கும் போனேன். அங்கேயும் தாமதம்தான். உன்மேல் எனக்கு இருந்த கோபத்தை யாரிடமும் சொல்லவில்லை. காய்கிறவரை பொறு பொறு என்று என்னை உட்காரவைத்தவன் நீ, நான் வரும்வரை பொறுக்கவில்லை.

சில மாதம் கழித்து அந்தக் காவலாளி போன் செய்தார். இடத்தை விற்றுவிட்டார்களாம், கண்டெய்னர் அடுக்கப் போகிறார்களாம், அடுத்த வாரம் வேலை ஆரம்பம். இதைவிட்டால் இடமில்லை. வேகமானிக்கு வயரை மாட்டினேன், டயர் பழைய டாக்ஸி அளவிலேயே இருப்பதால் முள் பொய் சொல்லாது என்று பாயிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஸ்டெல்லாவிடம் சொல்லப் போனால், அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தாள்.

"அவுரு குந்துன எடத்துல நான் குந்தறேன். நீ ரோட்டப் பாரு. முள்ள நான் பாத்துக்கறேன்."

முந்தின இரவு தூறல். தக்கையைப் பிடுங்கினேன், நீ விடமாட்டேன் என்று பிடித்துவைத்திருந்த தண்ணீரெல்லாம் சிமென்ட்டில் ஓடியது. தக்கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு ஓட்டினேன். அதே காற்று, அதே சுவர்.

நின்றதும் கேட்டேன். ஸ்டெல்லா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுவது" என்றாள்.

எழுபது. நீயும் இல்லை, நானும் இல்லை. இரண்டு பேரும் தோற்றோம் என்று சொல்லிச் சிரிக்கப் போனேன். சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் பேச்சு ஒரே வார்த்தையில் முடிந்துபோனதே என்றிருந்தது. அப்போதுதான் அவள் சொன்னாள்:

"ஏறிகினேதாண்ணா இருந்துச்சு. நீதான் கால எடுத்துட்ட. அவுரு இருந்தா எடுக்க வுட்டிருப்பாரா?"

காரை இப்போது ஸ்டெல்லா பட்டறையில்தான் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறாள். படகு வாங்க வருகிறவர்கள், இதற்கு எந்த இஞ்சின் மாட்டலாம் என்று கேட்கிறார்களாம். தக்கை என் டிரெய்லரில் கண்ணாடிக்குக் கீழே தொங்குகிறது.

இதை உன்னிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வரிசை நகர்ந்துவிட்டது. நான் எந்தக் கண்டெய்னர் யார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன் என்று உனக்குச் சொல்லவில்லை. விம்கோ நகர்தான். ஷெட்டுகளை இடித்துவிட்டார்கள், சிமென்ட் தளத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இருபக்கமும் கண்டெய்னர் அடுக்கு. சுவருக்குப் பக்கத்தில் பலகை: வேகம் பத்து. நாம் ஓட்டிய அதே தளத்தின் மேல் நடக்கிற வேகத்தில் ஊர்கிறேன். கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, சத்தமாகவே சொன்னேன்: "எண்பதுதான்டா."

பக்கத்து டிரெய்லர்க்காரன் எட்டிப் பார்த்தான். "இன்னாணே, பத்துகூடத் தாண்டல, எம்பதுன்றே?"

அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் நீ.