செல்வாவின் புல்லை வெட்டினோம்

என் பிரியமான செல்வா,

இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்வது? போன வாரம் உன் புல்லை வெட்டிவிட்டோம்.

மேடவாக்கம் வீட்டுக்குக் குடிவந்த புதிதில், நர்சரியில் வாங்கி வந்து தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, அந்தச் சம்ப் ஓரமாக வைத்தாயே, வெள்ளைக் கதிர் விடும் அந்த அலங்காரப் புல். நீ போன பிறகு உன் ஷீலா அதை யாரையும் தொட விடவில்லை. ஆள் உயரம் தாண்டி வளர்ந்து சம்ப் மூடியையே மறைத்துவிட்டது. தண்ணீர் லாரிக்காரர் குழாயோடு உள்ளே வர மறுத்தார். "பாம்பு கீதுக்கா அதுல. வெட்டுங்க, அப்பாலதான் லோடு" என்றார். பக்கத்து வீட்டு சார் கொளுத்திவிடலாம் என்றார். உங்கள் கார் பக்கத்திலேயே நிற்கிறதே என்றேன். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ஷீலாவின் பயம் பாம்பு இல்லை.

"வெட்டினப்புறம் வளராம போயிட்டா, அக்கா?"

நீ வருஷா வருஷம் வெட்டினாய், அது வளர்ந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சம்ப் வறண்டு, கேன் தண்ணீரில் பாத்திரம் கழுவ வேண்டி வந்த அன்றுதான் சரி என்றாள்.

நீ பனியனோடு இறங்கி, கையெல்லாம் கீறலோடு சிரித்துக்கொண்டு வருவாய். அதன் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும் என்று எத்தனை தடவை சொன்னேன்? நான் உன் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். நீளக் கம்பால் புதரைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்று காத்திருந்தோம். ஓர் ஓணான் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. வேறெதுவும் வரவில்லை.

வெட்டுமுன் இடுப்புயரத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் புல்தாள் சிதறி முகத்தில் அடிக்கும். வீட்டில் கயிறு இல்லை. உள்ளே போன ஷீலா வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் உன் ஆபீஸ் ஐடி கார்டு நாடாக்கள். கம்பெனி மாறும்போதெல்லாம் ஒன்று சேர்த்தாயே, அந்த இழுப்பறையை நீ போன பிறகு அவள் அன்றுதான் திறந்திருக்கிறாள். ஒன்றோடொன்று முடிந்து அவளே கட்டினாள். "இறுக்கமா இருக்கான்னு பாருங்க" என்றாள்.

தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினேன். ஒரே கற்றையாகச் சாய்ந்தது. இருவரும் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

மறுநாள் லாரி வந்தது. "இன்னாக்கா, மொட்டை அடிச்சிட்டீங்க" என்றார் லாரிக்காரர். ஷீலா சிரித்த மாதிரி இருந்தது.

இப்போது அங்கே வெறும் மஞ்சள் அடிக்கட்டைகள். காலையில் முதல் வேலையாக அவள் அதைத்தான் எட்டிப் பார்க்கிறாளாம். துளிர்க்குமா செல்வா?

நேற்று போனபோது அந்த நாடாக்களைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். எதற்கு என்றேன். "அடுத்த வருஷம் கட்டணுமே" என்றாள்.

அடுத்த வருஷமும் கையுறையோடு வருவேன். அவள் தனியாக அதில் கைவைக்க விடமாட்டேன்.

உன் ஒரே அக்கா