எங்கள் தெருவுக்கு இனிமேல் சாலை வேண்டாம்

அனுப்புநர்
தையல்காரம்மா,
வடக்குத் தெரு, கடைசி வீடு.
(வீட்டு எண்ணை வாசற்படியில் எழுதியிருந்தோம். அந்தப் படி இப்போது தங்கள் சாலைக்கு அடியில் இருக்கிறது.)

பெறுநர்
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஊரில் எல்லோரும் சாலை கேட்டு மனுக் கொடுக்கிறார்கள். நான் வேண்டாம் என்று கொடுக்கிறேன். இதையும் அந்தக் கட்டோடு சேர்த்துவிட வேண்டாம்.

1. வீடு கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போனோம். இப்போது மூன்று படி இறங்கிப் போகிறோம். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. தெருதான் வளர்ந்துவிட்டது.

2. வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வருகிறது என்று என் கணவர் மனுக் கொடுத்தார். அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், சாலை சரியில்லை என்று எழுதிக்கொண்டு போய் மேலே இன்னொரு அடுக்கு போட்டார்கள். தண்ணீர் இன்னும் அதிகமாக வந்தது. மறுபடி மனு, மறுபடி சாலை. மனு எழுதி எழுதியே வீட்டைப் புதைத்துக்கொண்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

3. கணவர் லாரி ஓட்டியவர். விபத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. நடுவில் கொஞ்ச காலம் வாசலும் தெருவும் சமமாக இருந்தன. அப்போது மூன்று சக்கர வண்டியில் தானே கடைத்தெருவுக்குப் போய்வந்தார். அந்தச் சாலைக்காகத் தங்கள் அலுவலகத்தை மனதார வாழ்த்தியிருக்கிறேன். இன்று அந்த வண்டி பக்கத்து வீட்டுச் சுவரோரம் துருப்பிடித்துக் கிடக்கிறது. அவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். போகிறவர்களின் கால்தான் தெரியும். செருப்பைப் பார்த்தே இன்னார் போகிறார் என்று சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

4. போன மழையில், தைத்த துணிகளைக் கொடுக்க நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர். கதவைத் தள்ளவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கொத்தனார்தான் ஜன்னல் கம்பியை உடைத்து அவரை வெளியே இழுத்தார். என் கணவரோ வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாண ரவிக்கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். "பயப்படாத, துணி நனையல" என்றார். நான் அழுத அழுகைக்கு இந்தத் தாளில் இடம் போதாது, ஐயா.

5. எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்திக்கொண்டார். எங்களுக்கு அந்த வசதியில்லை. நேற்று எங்கள் வாசலில் ஜல்லி வந்து இறங்கியது. சுரண்டிவிட்டுப் போடக்கூடாதா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "ரோடு போட்டா எல்லாரும் சந்தோஷப்படுறாங்க, நீங்க ஒருத்தர்தாம்மா வயித்தெரிச்சல் படுறீங்க" என்றார். உண்மைதான், எரிகிறது. ஜன்னல் விளிம்புக்கும் தெருவுக்கும் இடையே நாலு விரல்தான் பாக்கி. இந்த அடுக்கையும் போட்டால் தண்ணீர் அந்த வழியாக உள்ளே வராமல் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டியதுதான் என்கிறார் கொத்தனார். என் கணவரைக் காப்பாற்றியது அந்த ஜன்னல்தான்.

ஆகவே, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அது முடியாதென்றால், ரோலர் வருவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஜன்னலை அடைப்பதற்குள் அவரை வெளியே தூக்கி வைக்க நான் ஆள் தேட வேண்டும்.

நாள்: 9.10.2023
இடம்: தங்கள் சாலைக்கு மூன்று படி கீழே

இப்படிக்கு,
தையல்காரம்மா
(கையொப்பம்)