ஐனாரிடம் மிஞ்சிய ஒரு சொல்

1968 ஜனவரி 9, டுலூத்

மதியம் பட்டாணி சூப். வெளியே மைனஸ் இருபது. ஐனார் இடது கையால் தானே கரண்டி பிடித்தார். பாதி சட்டைமேல்தான். முடித்துவிட்டு, "ஹாட்ஸி-டாட்ஸி" என்றார்.

பக்கவாதம் வந்து பத்து வாரம். முப்பது வருஷம் துறைமுகத்தில் தூக்குப் பாலத்தை ஏற்றி இறக்கிக் கப்பல்களுக்கு வழிவிட்ட மனுஷன். வாயில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். சிக்னே என்ற என் பெயர்கூட இல்லை. போயும் போயும் இதுவா! எல்லாம் ஜோர், ஒரு குறையும் இல்லை என்ற அர்த்தத்தில் 1926-இல் நடனக் கூடங்களில் நாங்கள் சொல்லித் திரிந்தது. நாலைந்து வருஷத்தில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. கடைகண்ணியில் சொல்லும்போது எனக்கு மானம் போகும்.

ஜனவரி 12

டாக்டர் சொல்லிவிட்டார்: "அதுக்கு அர்த்தமெல்லாம் கிடையாதும்மா. விக்கல் மாதிரி, தானா வருது."

மினியாபொலிஸிலிருந்து மகள் மார்கிட் ஃபோனில்: "கேட்டியா? அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. என் வீட்டுப் பக்கத்துல நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. நீ ஒத்தையா எத்தனை நாள் தூக்குவே?"

அவரை நான் அனுப்பமாட்டேன். விக்கலாம்!

ஜனவரி 15

காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். 'ஹாட்ஸி' நீண்டு வந்தது, 'டாட்ஸி' வெட்டிக்கொண்டு. சர்க்கரை போட்டுக் கொடுத்ததும் இரண்டு பாதியும் நிதானமாக, சமமாக வந்தன. விக்கலுக்குச் சர்க்கரை தெரியுமா?

ஜனவரி 16

இன்று எண்ணினேன். பதினொரு விதம்!

ஜனவரி 22

சொல்லின் கடைசியில் குரல் மேலே ஏறினால் கேள்வி. மூக்கால் வந்தால் கேலி — அடுத்த வீட்டு மிஸஸ் ராஸ்க்கின் புதுத் தொப்பிக்கு அதுதான் கிடைத்தது. முதல் பாதியை விழுங்கினால் எங்கோ வலிக்கிறது. என்னைக் கூப்பிடவும் ஒன்று உண்டு, மெதுவாக. அதை அடையாளம் கண்டபோது பாத்திரத்தைப் போட்டுவிட்டு அழுதேன்.

நாற்பது வருஷம் வாய் ஓயாமல் பேசினாரே, அப்போது இப்படிக் காது கொடுத்தேனா? ஒரு சொல்லுக்குள் ஒரு மனுஷன் முழுசாக உட்கார்ந்திருக்கிறார். கடவுளே, இது எவ்வளவு பெரிய விஷயம்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

ஜனவரி 30

குளியல் தொட்டியிலிருந்து தூக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் தரையில். மிஸஸ் ராஸ்க் வரும்வரை ஒரு மணி நேரம். ஐனார் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒன்றைக்கூட.

பிப்ரவரி 4

மார்கிட் வந்து மூன்று நாள். அந்தச் சொல்லில் எல்லா அர்த்தமும் இருக்கிறது என்றதும் முதலில் சிரித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று, சத்தத்தை மட்டும் கேட்டு, தண்ணீரா, போர்வையா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அசந்துபோனாள்.

"அம்மா, நெஜமாவே பேசறாரு! அப்ப அவரையே கேட்டுடலாமே?"

ஜெயித்த திமிரில், "தாராளமா கேளு" என்றேன்.

"அப்பா, என்கூட மினியாபொலிஸ் வர்றீங்களா? அந்த இல்லத்துக்கு?"

அவர் என் இடுப்பைப் பார்த்தார். பிறகு சொன்னார். இரண்டு பாதியும் சமமாக, அவசரமே இல்லாமல்.

மார்கிட்டுக்குப் பிடிபடவில்லை. "என்னம்மா சொல்றாரு? மாட்டேங்கறாரா?"

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினால் போதும். அவர் என்னோடு இருப்பார். யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்குத் தெரியும். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்கறாரு" என்றேன். "வர்றேங்கறாரு."

என்ன மனுஷன்யா நீ — இருக்கறதே ஒரு சொல்லு, அதையும் எனக்காகச் சொல்லிட்டியே!

மார்ச் 11, மினியாபொலிஸ்

இல்லத்துக்கு எதிர்த் தெருவில் எனக்கு ஒரு மாடி அறை. இன்று பனியில் நடந்து போகத் தாமதமாகிவிட்டது. வாசலிலேயே நர்ஸ் லொரெய்ன் மறித்தாள்.

"மீன் வேண்டாமாம். திரையை விலக்கணுமாம். நீங்க ஏன் இன்னும் வரலன்னு காலைலேர்ந்து ஒரே ரகளை!"

நான் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.