மழையில் ஊதிய மரம்

பாப்பாவோட அப்பாவுக்கு,

சௌக்கியமாத்தான் இருப்பீங்க, ஆக்கிப்போட உங்க அம்மா இருக்காங்களே. நானும் இங்க ஏதோ இருக்கேன்.

காட்டுல மரங்களோட சுற்றளவை அளக்கிற என் வேலையில போன வாரம் ஒரு கூத்து. அடைமழை விட்டதும் அளந்துட்டு, மணல்மேட்டு மரமெல்லாம் மளமளன்னு வளர்ந்துட்டதா எழுதிட்டேன். அதிகாரியம்மா சிரிச்சாங்க. "அது வளர்ச்சி இல்லம்மா, தண்ணி குடிச்சு ஊதியிருக்கு. வெயிலடிச்சா சுருங்கிடும். சத்தில்லாத மண்ணுல எவ்வளவு மழை பெஞ்சாலும், மரம் வளர வருஷக்கணக்காகும்."

'திருந்திட்டேன், வந்துடு'ன்னு நீங்க எழுதினது தேனா இனிச்சுது. அதையும் வெயில் காலத்துலயே அளந்துக்கறேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்க, இங்க குளிருது. பாப்பாவைக் கதவோரம் நிக்க வெச்சுக் கோடு போட்டு, எவ்வளவு வளர்ந்திருக்கான்னு எழுதுங்க. அதுலயாவது பொய் சொல்லாதீங்க. தபால் வண்டி கிளம்புது.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா மட்டும்.