பைக் செயினில் மாட்டிய மூன்று விரல்

நவ. 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம், ஒற்றைக் கையால் கம்பி. பிசியோதெரபி அம்மா தினமும் இடது கையால் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் இந்த நோட்டு. கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் வலது கை விரல் மூன்று போய் ஐந்து வாரம். 'ழ' வரவே மாட்டேன் என்கிறது. ஒழியட்டும்.

நவ. 4, செவ்வாய்
இன்சூரன்ஸ் ஆபீஸ். வேலையில் அடிபட்டிருந்தால்தான் மாதாமாதம் உதவித்தொகை. கம்பெனி அனுப்பிய தாளை கிளார்க் வாசித்தார்: ஞாயிறு, வீட்டில் பைக் செயின் துடைக்கும்போது விரல் மாட்டியது. அடப்பாவிகளா! என்னிடம் பைக்கே கிடையாது. அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் தொங்குகிறவன் நான். அடிபட்டது ஞாயிறு ஓவர்டைமில். அதற்கு ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க மாட்டான்கள். அங்கேதான் பிடித்தான்கள்.
"நேர்ல பாத்தவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா மேல அனுப்பலாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள."

நவ. 5, புதன்
சேகர் வீடு. பக்கத்து மெஷின்காரன். அன்றைக்கு என் கையைத் துணியில் சுற்றியவனே அவன்தான். முகம் கொடுக்கவில்லை.
"எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குல்ல மச்சான். சூப்பர்வைசர் தாள நீட்டனான், கையெழுத்து போட்டுட்டேன்."
பைக் செயின் கதைக்குச் சாட்சி அவன். வாசலில் காறித் துப்பிவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லிச் சொல்லித் திட்டினேன். பெண்டாட்டி கலா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "நீ வள்ளியக்காவுக்குப் போட்டியே, அது என்னாது?"


நவ. 6, வியாழன்
வெயில். எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். இரண்டு வருஷம் முன்னால் அதே பிரஸ், வள்ளி அக்காவுக்கு இரண்டு விரல். பிள்ளைச்சாவடியில் வீடு, மீன்பிடிக் குடும்பம். வீட்டில் மீன் அரியும்போது வெட்டிக்கொண்டது என்று கம்பெனி எழுதியது. சாட்சி நான். பர்மனென்ட் ஆக்குகிறேன் என்றான் சூப்பர்வைசர். ஆக்கவில்லை, நாய். அக்காவுக்கு உதவித்தொகையே வரவில்லை. இப்போது அங்கேயே கூட்டிப் பெருக்குகிறது. எனக்கு அடிபட்டபோது துடைப்பத்தோடு நாலடி தள்ளி நின்றது. எல்லாம் பார்த்தது.
நாளை கடைசி நாள். எந்த மூஞ்சியோடு அக்காவிடம் போவேன்.

நவ. 7, வெள்ளி
போனேன். காலை ஏழு மணி. அக்கா வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்க விடவில்லை.
"எதுக்கு வந்தன்னு தெரியும். பாத்தத எழுதித் தரேன். வேல போனா போவட்டும். மொதல்ல நீ எனக்கு எழுது."
"என்னாக்கா எழுதணும்?"
"நான் மீன் அரியலன்னு எழுது. நீ போட்ட கையெழுத்து பொய்யின்னு எழுது."
மகளின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தது. இடது கை. நாலு வரிக்கு அரை மணி நேரம். அக்கா பக்கத்திலேயே நின்றது. வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தது. 'பொய்' என்ற இடத்தில் நிறுத்தியது.
"இது வெளங்கல. திருப்பி எழுது."
எழுதினேன்.